பெங்களூரில் புல் விதைப்பது: பையைவிட மண் முக்கியம்

பெங்களூரில் புதிதாக வீடு கட்டிக் குடிபோகிறவர்களும், தரைத்தளத்தில் ஒரு துண்டு மண்ணோடு ஃபிளாட் வாங்கியவர்களும் புல் விஷயத்தில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நவம்பர் வாக்கில் ஆன்லைனில் ஒரு விதைப் பை வரும். மண்ணைக் கிளறித் தூவினால் ஒரு வாரத்துக்குள் பச்சை தெரியும். டிசம்பர், ஜனவரியில் கண்ணேறு படுகிற அளவுக்கு இருக்கும். மார்ச்சில் அங்கங்கே வைக்கோல் நிறம் தட்டும். ஏப்ரல் முடிவதற்குள் வெறும் தரை. தண்ணீர் போதவில்லை என்பார் ஒருவர், தோட்டம் பார்க்கிற மாலி சரியில்லை என்பார் இன்னொருவர். மாலி மேல் தப்பில்லை. பையில் இருந்தது இந்த ஊர்க் கோடையைத் தாண்டக்கூடிய புல்லே இல்லை.

தரைப் புற்களைக் குளிர்ப்பருவப் புல், வெப்பப்பருவப் புல் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் எல்லாம் முதல் வகை. 15 முதல் 24 டிகிரி வரை இருக்கும் காற்றில் இவை செழிக்கும். விதைப் பைகளில் ‘பெர்முடா’ என்ற பெயரில் வருவது நம் அருகம்புல்லேதான். அது இரண்டாம் வகை. 30 டிகிரியைத் தாண்டினால்தான் அதற்குக் கொண்டாட்டம். குளிர்ப்பருவப் புல்லில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, வெயில் ஏற ஏற ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யவே செடி தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கும். அருகம்புல் கரியமில வாயுவை முதலில் வேறு வழியில் பிடித்து, இலைக்குள் இருக்கும் தனி செல்களில் அடர்த்தியாகச் சேர்த்து, அப்புறம்தான் அந்த நொதியிடம் கொடுக்கும். கரும்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் வெயிலில் அசராமல் வளர்வதும் இதே ஏற்பாட்டால்தான்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது குளிர்ந்த ஊர். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர். ரைகிராஸ் நம் பக்கத்தில் ஆண்டு முழுக்க நிலைக்க அந்த மாதிரி உயரம் வேண்டும். இங்கே ஏப்ரலில் பகல் வெப்பம் 34 டிகிரியைத் தொடுகிறது, வெயில் விழும் மண் அதைவிடச் சூடாகிறது. ஊர் குளிர்ச்சி என்பதெல்லாம் நமக்குத்தான், ரைகிராஸ் வேருக்கு இல்லை.

அப்படியானால் ஏன் அதையே விற்கிறார்கள்? ரைகிராஸ் விதை உலகச் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கிறது, ஐந்தாறு நாளில் முளைத்தும் விடுகிறது. வாங்கியவர் பத்தாம் நாள் சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார். ஏப்ரலில் யாரும் திரும்பிப் போய் அதைத் திருத்துவதில்லை. விதை வியாபாரத்தில் நட்சத்திரங்களை நம்பக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இது. பை மேல் என்ன படம் இருந்தாலும் சரி, புல்லின் பெயர் இல்லாமல் வெறும் ‘லான் சீட்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

பெயர் இருந்தாலும் கையில் கொட்டிப் பார்ப்பது நல்லது. ரைகிராஸ் விதை உமியோடு ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 500 விதை. உமி நீக்கிய அருகம்புல் விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4,000. கேழ்வரகே ஒரு கிராமுக்கு 400க்குள்தான் நிற்கும். அருகு விதை எடையில் அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே துணைக் குடும்பம் என்பதால், பெங்களூரைச் சுற்றிக் கேழ்வரகு விளையும் செம்மண்ணில் வரப்போரம் அருகு தானாக ஓடுவதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் கே.ஆர். மார்க்கெட்டில் கன்னடத்தில் ‘கரிகே’ என்று கூவிக் கூவிக் கட்டுக்கட்டாக விற்பதும், வெளிநாட்டுப் பெயரோடு பளபளப்பான பையில் வருவதும் ஒரே புல். விதைப் பையில் வருவது ஒரே சீராக முளைக்கத் தேர்ந்தெடுத்த ரகம், அவ்வளவுதான்.

பாய்ப் புல்லா, விதையா

இந்த ஊரில் பில்டர்கள் போடுவது பெரும்பாலும் மெக்சிகன் புல் என்று நர்சரிகளில் சொல்கிற ஜொய்சியா. மண்ணோடு வெட்டிய துண்டுகள் லாரியில் வரும், தரையில் அடுக்குவார்கள், ஒரே நாளில் பச்சை. வீட்டுச் சாவி கொடுக்கிற தேதிக்கு அதுதான் தோது. ஜொய்சியாவை விதையிலிருந்து கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கிற காரியம் என்பதால் அது பெரும்பாலும் துண்டாகவோ நாற்றாகவோதான் விற்கப்படும். கோல்ஃப் மைதானங்களில் இருக்கும் டிஃப்ட்வார்ஃப் போன்ற ஒட்டு ரக அருகுக்கு முளைக்கும் விதையே கிடையாது. அந்தப் பெயரில் யாராவது விதை விற்றால் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பாய்ப் புல்லில் எனக்கு இருக்கும் ஆட்சேபம் அதன் அடியில் வரும் மண். பெரும்பாலும் களிமண் கலந்து, பிடித்தால் பிசுபிசுக்கிற மண்ணாக இருக்கும். அதைச் செம்மண் மேல் அடுக்கினால், இரண்டு மண்ணும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும், வேரும் கீழே இறங்கத் தயங்கும். மேல் இரண்டு அங்குலத்திலேயே வாழ்க்கையை ஓட்டுகிற புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். போதாததற்குக் கோரைக்கிழங்கும் புளியாரையும் அந்த மண்ணோடு இலவசமாக வந்து சேரும். விதை போட்டு வளர்த்த அருகு முதல் நாளிலிருந்தே நம் மண்ணில் வேர்விடுகிறது. மூன்று மாதம் காத்திருக்க முடிகிறவர்களுக்கு விதைதான் மேல்.

ஆனால் வெயில் இருக்க வேண்டும். அருகுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. பெங்களூரின் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் பக்கத்து வீடு மூன்று மாடி எழும்பினால் முன்பக்கத்துக்குக் காலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அங்கே எந்த விதை போட்டும் பயனில்லை. நிழலுக்கு அகல இலைக் கார்பெட் புல்லை நாற்றாக நடலாம், அல்லது கல்லைப் பாவி நாலு தொட்டி வைத்துக்கொள்ளலாம். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

மேலே செம்மண், கீழே சிமென்ட்

லால்பாக்கில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் அந்தப் பெரிய பாறையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள தீபகற்ப நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை அது. இந்த ஊர்ச் செம்மண் அந்த வகைப் பாறை உதிர்ந்து உண்டானது. இரும்பு நிறைய இருப்பதால் சிவப்பு. லேசான அமிலத்தன்மை, அருகுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் மக்கு, அதாவது மக்கிய இலைதழைச் சத்து, குறைவு; சத்தைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு. போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸை) இரும்பு கட்டிப்போட்டுவிடும். பெருந்துளி மழை நேராக அடித்தால் மேற்பரப்பு உடைந்து குழைந்து, காய்ந்ததும் ஓடு கட்டும். அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத முளை அந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. விதை முளைக்கவில்லை என்று நினைத்து மண்ணைக் கிளறினால் சில நேரம் அடியில் வெளுத்த முளைகள் சுருண்டு கிடக்கும்.

இது ஊரின் இயற்கை மண். நம் வீட்டு முன்னால் இருப்பது பெரும்பாலும் அது இல்லை. அஸ்திவாரம் தோண்டியபோது அடியிலிருந்து வந்த சத்தற்ற மண், அதன் மேல் செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கலவை, டைல்ஸ் உடைசல், பெயின்ட் கழுவிய தண்ணீர், இதையெல்லாம் மறைக்க ஒரு டிராக்டர் லோடு செம்மண். நாலு அங்குலத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்காது. ஜேசிபி ஏறி இறங்கிய இடம் அப்படித்தான் இறுகிக் கிடக்கும். சிமென்ட்டிலிருக்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட, இரும்புச் சத்தைப் புல்லால் எடுக்க முடியாமல் போகும். சிவந்த மண்ணில் நின்றுகொண்டே புல் இரும்புக் குறையில் மஞ்சளாவது இதனால்தான்.

எனவே முதல் வேலை கடப்பாரை. நாலைந்து இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். குழியைத் தண்ணீரால் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றிய தண்ணீர் ஐந்து மணி நேரம் கழித்தும் நின்றால் கீழே இறுகிய அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதை உடைக்காமல் மேலே எவ்வளவு நல்ல மண் கொட்டினாலும் செப்டம்பர் மழையில் புல் அழுகும். குழியில் கிடைக்கும் வெளிறிய கட்டிகள் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சிமென்ட்டோ சுண்ணாம்போ. பொறுக்கி எடுத்து மூட்டை கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. இந்த வேலைக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. கூலிக்கு வருகிறவரும் மேலாகக் கொத்திவிட்டு ஆச்சு என்பார். பக்கத்தில் நிற்காவிட்டால் நடக்காது.

கொத்துவது ஒரு சாண் ஆழமாவது இருக்க வேண்டும். கட்டிகளை உடைத்து, நன்றாக மக்கிய எருவோ மண்புழு உரமோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கொத்திய மண்ணோடு கலக்க வேண்டும். பத்துக்குப் பதினைந்து அடி இடம் என்றால் ஏறக்குறைய 14 சதுர மீட்டர்; அதற்கு 350 லிட்டர் அளவு எரு பிடிக்கும். கேட்க அதிகமாகத்தான் தெரியும். மூன்று பை வாங்கி மேலாகத் தூவுகிறவர்கள் மூன்று பையும் வீண் என்பதை அடுத்த கோடையில் தெரிந்துகொள்வார்கள். மக்காத சாணி வேண்டாம்; அதில் களை விதையும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் இருக்கும். மணிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டை மேல் நாலு விரல் மண்ணில் கலந்தால் போதும். களிமண்ணாக இருக்கிறதே என்று கொஞ்சம் மணலை மட்டும் கலப்பது பலரும் செய்கிற வேலை. கொஞ்ச மணல் சேர்ந்த களிமண் முன்பைவிட மோசமாக இறுகும். மக்குதான் மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

சாய்வு பார்க்க மறந்துவிடாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே மூன்று மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். அப்புறம் தண்ணீர் விட்டு நனைத்து, இரண்டு மூன்று வாரம் சும்மா விட வேண்டும். புதிதாக நிரப்பிய மண் எங்கே எப்படி இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறங்கிய இடத்தை இப்போதே நிரப்பிவிட்டால் பின்னால் புல் மேல் மண் கொட்ட வேண்டியிருக்காது.

அந்தச் சும்மா விடுகிற நாட்களில்தான் முக்கியமான வேலை நடக்கிறது. ஈரம் பட்டதும் மண்ணில் தூங்கிக் கிடந்த களை எல்லாம் கிளம்பும்: கோரை, புளியாரை, பார்த்தீனியம், தொட்டாற்சுருங்கி, அப்புறம் பார்க்கக் கேழ்வரகு நாற்று மாதிரியே இருக்கும் அதன் காட்டுச் சொந்தக்காரப் புல். எங்கள் லேஅவுட்டில் வேலை பார்க்கும் ராயக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் புல் வருமா என்று யாரோ கேட்டதற்கு, “புல்லு வராம எங்க போகும் சார், எந்தப் புல்லு வருதுன்றதுதான் கேள்வி” என்றார். விதைப்பதற்கு முன் ஒருமுறை, முடிந்தால் இருமுறை, இந்தக் களைகளைக் கிளம்பவிட்டு மேலாகச் சீவி எடுத்துவிட வேண்டும். மறுபடி ஆழமாகக் கொத்தினால் புதுக் களை விதைகள் மேலே வரும். மேல் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சூட்சுமம்.

கோரைக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதன் கிழங்குகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று இணைந்து ஒரு சாண் ஆழம் வரை இருக்கும். மேல் முளையைக் கிள்ளினால் அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். தோண்டும்போதே சல்லடையில் போட்டுக் கிழங்கைப் பொறுக்குவது ஒன்றே நிச்சயமான வழி. மார்ச், ஏப்ரலில் ஈர மண் மேல் நிறமற்ற பாலித்தீன் விரித்து ஐந்தாறு வாரம் வெயிலில் வேகவைப்பது மற்றக் களை விதைகளுக்கு நல்ல வைத்தியம், ஆனால் பெங்களூர் வெயிலுக்கு ஆழத்தில் இருக்கும் கோரைக்கிழங்கு சாகாது. மருந்தடிக்கலாமே என்றால், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022-இல் கட்டுப்படுத்தியிருக்கிறது. கையால் எடுக்கிற அளவுதான் நம் தோட்டமும்.

இந்த மண் வேலையில் இந்த ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கின் வளர்ச்சியோடு திகளர் சமூகத்தின் பெயர் சேர்ந்தே வருகிறது. தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம் அது. நகரத்தின் கரகத் திருவிழா அவர்களுடையது. 1809-இல் கன்டோன்மென்ட் வந்தபோது மதராஸ் படையோடு வந்து அல்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறிய தமிழர்கள் வேறொரு கிளை. லால்பாக்கை ஒட்டிய சித்தாபுராவில் இன்றும் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. விதைப் பை பற்றிய ஆலோசனையைவிட எரு, செம்மண் பற்றிய ஆலோசனையை அங்கே கேட்பது பயனுள்ளது. தமிழிலேயே கேட்கலாம்.

எப்போது

எந்த மாதம் என்பதில் பெங்களூர் மற்ற ஊர்களோடு ஒத்துப்போகாது. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆனால் அது மூன்று தவணையில் வருகிறது. ஏப்ரல், மே மாலைகளில் இடி, ஆலங்கட்டியோடு கொட்டும் கோடை மழை. ஜூன், ஜூலையில் மேகமூட்டத்தோடு தூறல், மாதத்துக்கு நூறு மில்லிமீட்டர் வாக்கில். அப்புறம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை மறுபடி பெருமழை. செப்டம்பரில் மட்டும் சுமார் இருநூறு மில்லிமீட்டர்.

விதை முளைக்க மண் 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், 25ஐத் தாண்டினால் நல்லது. மே மாதத்தில் வெப்பம் இருக்கிறது, ஆனால் ஒரு மாலை மழை விதை மொத்தத்தையும் சாக்கடைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். செப்டம்பரிலும் அதே கதை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது அருகு விதை முளைக்கவே யோசிக்கும், முளைத்தாலும் வளராது. மிஞ்சுவது ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை நடு வரை. மண்ணில் கோடைச் சூடு இன்னும் இருக்கும், வானம் தூறிக்கொடுக்கும், செப்டம்பர் பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். மண் வேலையை மார்ச், ஏப்ரலில் ஆரம்பித்து, மே மழையில் களைகளைக் கிளம்பவிட்டுச் சீவி எடுத்தால் கணக்கு சரியாக வரும். நவம்பரில் விதைப் பை வாங்குகிறவர்கள் ரைகிராஸிடம் போய் மாட்டிக்கொள்வதற்கும் இதுதான் காரணம்: அந்தப் பருவத்தில் சட்டென்று முளைத்துக் காட்டுவது அதுதான்.

தண்ணீர்க் கணக்கும் இதையே சொல்கிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டு ஊர் டேங்கருக்கு வரிசையில் நின்றபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவுவதற்கும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. காவிரித் தண்ணீரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிற ஊர் இது. அதைக் கோடையில் விதைப்பாத்திக்கு விடுவது நியாயமாகப் படவில்லை எனக்கு. அபார்ட்மெண்ட் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வளர்ந்த அருகு தாங்கிக்கொள்ளும், முளை அவ்வளவாகத் தாங்காது. இதைவிட மோசம், போர்வெல் தண்ணீரைச் சாஃப்ட்னரில் விட்டு மென்மையாக்கிய தண்ணீர். சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைப் போடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. சோடியம் செம்மண்ணைக் குழைத்து ஓடு கட்ட வைக்கும். தோட்டக் குழாய் சாஃப்ட்னருக்கு முன்னால் பிரிகிறதா, பின்னால் பிரிகிறதா என்று பிளம்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விதைக்கிற நாள்

விதைப்பதற்குப் பத்து நாள் முன்பே முளைப்புத் திறனைச் சோதித்துவிடலாம். எண்ணி நூறு விதையை ஈரமான டிஷ்யூ பேப்பர் மேல் பரப்பி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வையுங்கள். அருகு விதைக்கு முளைக்கும்போது வெளிச்சம் பிடிக்கும், அலமாரிக்குள் வைக்க வேண்டாம். உமி நீக்கிய விதையானால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் வெள்ளை முளை தெரியும். உமியோடு இருப்பது இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். எழுபதுக்கு மேல் வந்தால் நல்ல விதை. நாற்பது என்றால் அளவைக் கூட்ட வேண்டும் அல்லது பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சதுர மீட்டருக்கு ஐந்திலிருந்து எட்டு கிராம் போதும். ஐந்து கிராம் என்றாலே 20,000 விதை, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டு. நம் 14 சதுர மீட்டருக்கு நூறு கிராம் பொட்டலம் ஒன்றே போதும் என்பதை நம்பவே பலருக்கு மனம் வராது. அடர்த்தியாகப் போட்டால் சீக்கிரம் மூடும் என்று அரைக் கிலோவைக் கொட்டுவார்கள். நெருக்கமாக எழும் முளைகளுக்கு நடுவே காற்று ஓடாது, ஜூலை ஈரத்தில் நாற்றழுகல் பிடித்துத் திட்டுத்திட்டாகச் சாயும். அருகு ஓடிப் பரவுகிற புல். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடச் சொல்லித்தானே நம் பக்கத்தில் வாழ்த்தே இருக்கிறது. இடம் கொடுத்தால் அது தானே மூடிக்கொள்ளும்.

மண்ணின் மேல்பரப்பை ரேக்கால் லேசாகக் கீறி, ஈரமாக ஆனால் சேறாக இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் விதையை நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்குங்கள். கேழ்வரகு விதைப்பவர்களும் இப்படி மணலோ எருவோ சேர்ப்பதுண்டு, கையில் அளவு பிடிபட. ஒரு பங்கைக் கிழக்கு மேற்காக நடந்து தூவுங்கள், மறு பங்கைத் தெற்கு வடக்காக. காற்று எழும்புவதற்குள் காலையிலேயே முடித்துவிடுங்கள். ரேக்கின் முதுகால் மேலோட்டமாக ஓர் இழுப்பு. விதை மூன்று நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கொஞ்சம் மேலே தெரிந்தால் பரவாயில்லை. அப்புறம் அழுத்த வேண்டும். உருளை இருந்தால் உருட்டலாம், இல்லாவிட்டால் ஓர் அகலப் பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, நகர்த்தி, மறுபடி ஏறி நின்றால் போதும். மண்ணோடு ஒட்டாத விதைக்கு ஈரம் ஏறாது, எறும்பும் சுலபமாகத் தூக்கிப் போய்விடும்.

மேலே மெல்லிய போர்வையாகச் சலித்த மண்புழு உரமோ, உப்புப் போகக் கழுவிய கோகோபீட்டோ தூவினால் ஓடு கட்டுவது குறையும், ஈரமும் நிற்கும். திப்டூர்ப் பக்கம் தென்னை ஏராளம் என்பதால் கோகோபீட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. மண் மறைந்தும் மறையாமலும் இருக்கிற அளவுதான். கனமாகப் போட்டால் வெளிச்சம் போய்விடும். சாய்வு அதிகமான ஓரங்களில் சணல் வலை விரிப்பது மழைக்கு நல்ல காப்பு. இந்த ஊர்ப் புறாக்களுக்கு வேறு வேலை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய வலையைக் குச்சி நட்டு மேலே கட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் மேல்பரப்பு காயவே கூடாது. ஒரு தடவை ஈரம் ஏறி உள்ளே வேலை ஆரம்பித்துவிட்ட விதை காய்ந்தால் செத்துவிடும், மறுபடி நனைத்தால் எழுந்திருக்காது. வெயில் அடிக்கிற நாளில் நாலு தடவை, பூவாளியால் மூடுபனி மாதிரி. ஒவ்வொரு தடவையும் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், மொத்த இடத்துக்கும் ஒரு பக்கெட் கணக்கு. தூறல் இருக்கும் நாளில் ஒன்றும் வேண்டாம். குழாயை நேராகப் பிடித்துப் பீச்சுகிறவரிடமிருந்து குழாயைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், அது யாராக இருந்தாலும் சரி. முளை எழுந்த பிறகு நனைக்கிற தடவையைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் விடுகிற அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வேர் கீழே தேடிப் போகும்.

நாலாவது வாரத்தில் சதுர மீட்டருக்கு மூன்று கிராம் யூரியாவைத் தாராளமான தண்ணீரில் கரைத்துத் தெளித்து, இலை மேல் தங்காமல் கழுவிவிடலாம். செம்மண் சத்தைப் பிடித்துவைக்காது என்பதால் மாதம் ஒருமுறை கொஞ்சமாகக் கொடுப்பதே நல்லது. ஒரேயடியாகக் கொட்டினால் பாதி மழையோடு போகும். புல் இரண்டரை அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், மண் உலர்ந்திருக்க வேண்டும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்ட வெட்டத்தான் அருகு பக்கவாட்டில் ஓடும். அதைப் பார்க்காமல் “இன்னும் கொஞ்சம் வளரட்டும்” என்று விட்டுவைக்கிறவர்களின் புல் நெடுநெடுவென்று உயர்ந்து, அடியில் சொட்டையாக நிற்கும்.

விதைக்குப் பொறுமை இல்லை, பாய்ப் புல்லுக்கு மனமில்லை என்கிறவர்களுக்கு நம் நாட்டுத் தோட்டக்காரர்களின் இன்னொரு வழி இருக்கிறது. களையில்லாத இடத்திலிருந்து எடுத்த அருகைக் கணுவோடு இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி, பசுஞ்சாணியும் தோட்ட மண்ணும் தண்ணீரும் சேர்த்துக் குழம்பாகக் கரைத்து, தயார் செய்த தரையில் பூசிவிட்டு மேலே கொஞ்சம் மண் தூவுவது. அதுவும் ஜூன் வேலைதான். மண் தயாரிப்பில் ஒரு கடப்பாரைக் குத்துகூட அதில் மிச்சமாகாது.

ஆறேழு வாரத்தில் தரை பெரும்பாலும் மூடிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு மூன்று மாதம் ஆகட்டும். செப்டம்பர் மழையில் தண்ணீர் தேங்குகிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மழை விட்டதும் சலித்த மண்ணைக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவி நிரப்பலாம். டிசம்பரில் வளர்ச்சி நின்று நிறம் மங்கும், உரம் போட்டு அதை எழுப்ப முயல வேண்டாம். ஏப்ரலில் தண்ணீர் இல்லையென்றால் பழுப்பாகட்டும் என்று விட்டுவிடலாம். ரைகிராஸ் பழுத்தால் கதை முடிந்தது. அருகின் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருப்பதால் மே மாத முதல் மழைக்குப் பத்து நாளில் பச்சை திரும்பும். அப்போதும் சொட்டையாக இருக்கிற இடத்துக்குப் புதுப் பை வாங்க வேண்டியதில்லை. நடைபாதை ஓரம் வெளியே ஓடிய கொடிகளை வெட்டி ஜூனில் அங்கே ஊன்றிவிட்டால் ஆச்சு.